வறுமைக்கோடு என்கிற பிரதி

வறுமையையும் ஏற்றத்தாழ்வையும் குறைப்பதற்கான பொதுக்கொள்கையை முதுகலை மாணவனாகப் படித்துவருகிறேன். இந்தப் படிப்புக்கு ஒரு மூலப்பிரதி உண்டென்றால் அது வறுமைக்கோடுதான். அதை அளவுகோல் என்றே சொல்லித்தருகிறார்கள். பிரதியாக வாசித்தால் என்ன?

1979இல் அலக் குழு கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 2400 கலோரி, நகரத்தில் 2100 என வரையறுத்தது. ஏழையின் உடம்பு இங்கே தீனி போடவேண்டிய எந்திரம், அவ்வளவுதான். டெண்டுல்கர் குழு 2009இல் கலோரிப் பிடியைத் தளர்த்தி, கல்வி, மருத்துவச் செலவுகளையும் சேர்த்தது. ஆனால் கோடு அழியவில்லை. 2011இல் திட்டக்குழு உச்சநீதிமன்றத்தில் கொடுத்த பிரமாணப் பத்திரம் நகரத்தில் நாளுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் என்றது. 33 ரூபாய் செலவழிச்சா அவன் ஏழையில்லையாம்! ஊரே கொதித்தது. 2014இல் ரங்கராஜன் குழு அதை 47, 32 என உயர்த்தியது. கோடு எங்கே என்று பேசினோமே தவிர, கோடு எதற்கு என்று கேட்டவர்கள் குறைவு.

கோடு வெறுமனே அளப்பதில்லை, ஆளைப் பிரிக்கிறது. 1997இல் மத்திய அரசு ரேஷனைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பங்குபோட்டது. 2002 கணக்கெடுப்பில் ஒரு வீட்டில் ஆளுக்கு எத்தனை துணி என்றுகூட எண்ணி மதிப்பெண் போட்டார்கள். தன் இல்லாமையைத் தானே நிரூபித்துக்காட்ட வேண்டிய மற்றமையாக ஏழை இப்படித்தான் உற்பத்தியாகிறார். தமிழ்நாடு இந்தப் பிரிவினையை ஏற்காமல் பொது விநியோகத்தை எல்லாருக்குமாக வைத்துக்கொண்டது. அரிசி வேண்டாதவர் சர்க்கரை அட்டை வாங்கிக்கொள்ளலாம். 'வசதியுள்ளவனுக்கும் அரிசியா?' என்பார்கள். அவருக்கு நாலு கிலோ போவதைவிட, பட்டியலில் விடுபட்ட ஒருத்தி பட்டினி கிடப்பது பெரிய நஷ்டமில்லையா?

இன்னொரு மௌனமும் இந்தப் பிரதியில் இருக்கிறது. கோடு கீழே மட்டுமே பார்க்கிறது. இறந்தவர் சொத்தின்மீதான எஸ்டேட் வரி 1985இல் ஒழிந்தது. செல்வ வரியை 2015 பட்ஜெட் ஒழித்தது. கீழே இருப்பவரின் துணியை எண்ணிய அரசு, மேலே இருப்பவரின் செல்வத்தைத் தொடாமல் விட்டது. கோட்டைத் தாண்டியவர் தொகை கூடக்கூட வறுமை குறைந்தது என்று அறிவிக்கலாம். அதே வேளையில் ஏற்றத்தாழ்வு வளர்ந்துகொண்டும் இருக்கலாம். இரண்டும் ஒரே பாடத்தின் தலைப்பில் ஒட்டிக்கொண்டிருப்பதால் ஒன்றைச் செய்தால் மற்றதும் நடந்துவிடும் என்று நம்பிவிடுகிறோம். ஏழையிடம் கேட்ட கேள்விகளைப் பணக்காரரிடமும் கேட்காத கொள்கை, தர்மம் செய்யலாம், சமத்துவம் செய்யாது.