ஒரு பணமும் அரைப் பேரும்

கிறிஸ்தவ சஞ்சிகைகளிலும் ஆலயங்களில் வழங்கப்படும் சிறு பிரசுரங்களிலும் தியானக் கட்டுரை என்றொரு வகை எழுத்து நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றது. வேதாகமத்தின் ஒரு பகுதியை எடுத்து, அதனை அன்றாட வாழ்வோடு பொருத்தி, விசுவாசிக்கு ஓர் அறிவுரையுடன் முடிப்பது அதன் அமைப்பு. நம் விமர்சகர்கள் இதனைப் பொருட்படுத்துவதில்லை. சமயத்துறையைச் சேர்ந்தது என்று ஒதுக்கிவிடுகின்றனர். இது தவறு என்பது நமது கருத்து. நாவலையோ சிறுகதையையோ கையால் தொடாத குடும்பங்கள் பலவற்றில், மாலை வேளையில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கும் உரைநடை இதுவேயாகும். மக்கள் படிப்பது எதுவோ அதைப்பற்றிப் பேசுவது விமர்சனத்தின் கடமை.

இவ்வெழுத்தை அளந்து பார்ப்பதற்கு ஓர் உவமையை எடுத்துக்கொள்வோம். மத்தேயு சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தில் வருவது அது. திராட்சைத் தோட்டக்காரன் ஒருவன் விடியற்காலையிலே சந்தைவெளிக்குச் சென்று, நாட்கூலி பேசி வேலையாட்களை அமர்த்துகிறான். பின்னர் மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணி வேளைகளிலும் சென்று ஆட்களை அழைத்து வருகிறான். பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கும்போதும் அங்கே சிலர் நிற்கின்றனர். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, எவரும் தங்களை வேலைக்கு அமர்த்தவில்லை என்று விடை தருகின்றனர். மாலையில் எல்லோருக்கும் ஒரே கூலி கொடுக்கப்படுகிறது. நாள் முழுதும் வெயிலில் உழைத்தவர்கள் முறுமுறுக்கின்றனர்.

நாம் படித்த தியானக் கட்டுரைகள் பெரும்பாலும் இதற்கு ஒரே பொருளைத்தான் உரைக்கின்றன. தோட்டம் திருச்சபை, மணி வேளைகள் மனிதன் மனந்திரும்பும் பருவங்கள், கூலி நித்திய ஜீவன், முறுமுறுத்தவர் பொறாமைக்காரர். ஆகவே பிறர் பெறும் நன்மையைக் கண்டு எரிச்சல் கொள்ளாதே என்பதுடன் கட்டுரை முடிந்துவிடுகிறது. இவ்வகை விளக்கம் திருச்சபையின் ஆதிப் பிதாக்கள் காலத்திலிருந்தே வழங்கி வருவது. அதனைப் பொய் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், அவ்விளக்கம் முடிந்த பின்னர் வேலையாளும் இல்லை, வெயிலும் இல்லை, கூலியும் இல்லை. உவமை எந்த மண்ணில் பிறந்ததோ அந்த மண் மறைந்துவிடுகிறது.

தமிழ் இலக்கண மரபு இங்கே நமக்குத் துணைசெய்கின்றது. உள்ளுறைக்குத் தெய்வம் நீங்கலான கருப்பொருள்களே நிலைக்களம் என்று தொல்காப்பியர் வகுத்தார். மரமும் பறவையும் விலங்கும் தொழிலும் தம்மளவில் உண்மையாக நின்றால்தான் அவற்றின் உள்ளே வேறொரு பொருள் தங்க முடியும். புறத்தே நிற்பது பொய்யாயின் அகத்தே இருப்பதற்கு இடமில்லை. தெய்வத்தைப் பற்றிப் பேச வந்த நாசரேத்துப் போதகரும் விதைப்பவனையும், மாவைப் புளிக்கவைக்கும் பெண்ணையும், தொலைந்த காசைத் தேடும் பெண்ணையுமே எடுத்துக் காட்டினார் என்பது சிந்தனைக்குரியது.

அவ்வுவமையில் பேசப்பட்ட கூலி, ரோம நாணயமாகிய தெனாரியம் ஒன்று. அது அக்காலத்தில் ஒரு தொழிலாளியின் நாட்கூலி. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதனைப் 'பணம்' என்றது. பணம் என்பது ஒரு காலத்தில் கையால் எண்ணிக் கொடுக்கப்பட்ட நாணயத்தின் பெயராதலால், அன்றைய வாசகனுக்கு அச்சொல் சந்தை வாசனையுடன் ஒலித்திருக்கும். இன்றோ அச்சொல் செல்வம் முழுவதற்கும் பொதுப்பெயராகிவிட்டது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'தெனாரியம்' என்றே வைத்தது. இது பிழையற்றது; ஆயினும் கேட்போர் காதில் அந்நியமாகவே விழுகின்றது. இது ஒரு குடும்பம் ஒரு நாள் உண்பதற்கான கூலி என்று எடுத்துச்சொல்லும் பொறுப்பு தியானக் கட்டுரையாளருடையது. அவர் அதைச் சொல்லாமல் நித்திய ஜீவனுக்குத் தாவிவிடுகிறார்.

இனி இவ்வுவமையை நமது மலைநாட்டிற்குக் கொண்டு செல்வோம். இது வலிந்து செய்யும் ஒப்பீடு அன்று. 1854இல், தோட்டத்துரைமாரின் ஆதரவுடன், கோப்பித் தோட்டங்களில் வேலைசெய்த தமிழரிடையே அங்கிலிக்க மிஷனரிமார் தொடங்கிய பணிக்குத் 'தமிழ்க் கூலி மிஷன்' என்பதே பெயர். வேதமும் கூலியும் அங்கே ஒரே பெயருக்குள் அடங்கின. அம்மலைகளில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று சொல்வார்கள். பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை எட்டினால் முழுப் பேர். எட்டாவிட்டால் அரைப் பேர். மழையானாலும் உடல்நலம் குன்றினாலும் செடியிலே கொழுந்து இல்லாவிட்டாலும் தராசு இரங்குவதில்லை. பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, தோட்டக் கம்பனிகள் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றன. நிறை பற்றிய பிணக்கு அதன் பின்னரும் ஓயவில்லை.

அரைப் பேர் போடப்பட்டு லயத்திற்குத் திரும்பும் ஒரு பெண், அன்றிரவு இவ்வுவமையைக் கேட்கிறாள் என்று கொள்வோம். ஒரு மணி நேரம் மாத்திரம் வேலைசெய்தவனுக்கும் முழுப் பேர் போட்ட துரை ஒருவன் கதையில் வருகிறான். ஏன் போட்டான்? அவன் வீட்டிலும் அன்றிரவு அடுப்பு எரியவேண்டும். அவன் சோம்பி நிற்கவில்லை, அவனை எவரும் அழைக்கவில்லை. இதைக் கேட்கும் அப்பெண்ணின் நெஞ்சில் எழும் கேள்வியைக் காதில் வாங்காமல், 'பொறாமை கொள்ளாதே' என்று அவளுக்கு உபதேசிக்கும் கட்டுரை யாருக்காக எழுதப்பட்டது?

உவமை கூறுவது கிருபையைப் பற்றியதேயன்றிச் சம்பளத்தைப் பற்றியதன்று எனச் சிலர் மறுக்கக்கூடும். கிருபையைப் பற்றியதுதான். ஆனால், கூலி இன்னதென்று அறியாதவனுக்குக் கூலிக்கு மேலான கிருபை எங்ஙனம் விளங்கும்? ஏழையின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடவேண்டும் என்று உபாகமம் கட்டளையிடுகிறது. பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபின் நிருபம் கூறுகிறது. கூலியை ஆன்மீகத்திற்குப் புறம்பான பொருளாகக் கருதுவது வேதாகமத்தின் வழக்கமன்று. அது வசதியாக வாழ்வோரின் வாசிப்பு வழக்கம்.

இவ்வுண்மையை உணர்ந்து செயற்பட்டவர்கள் நம் நாட்டில் இல்லாமற் போகவில்லை. 1971இல் கொழும்பில் சமூக, சமய ஆய்வு நிலையத்தைத் தொடங்கிய திஸ்ஸ பாலசூரிய அடிகளும், 1972இல் கண்டியில் சத்தியோதயத்தை நிறுவித் தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காக உழைத்த போல் கஸ்பர்ஸ் அடிகளும் வேதத்தை இக்கண்கொண்டே வாசித்தனர். அவர்கள் காட்டிய வழி, மாலை வேளையில் வாசிக்கப்படும் எளிய தமிழ்க் கட்டுரையினுள் இன்னும் உரியவாறு நுழையவில்லை.

தியானக் கட்டுரையாளர் அரசியல் துண்டுப்பிரசுரம் எழுதவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அவர் கையிலுள்ள நூல் சொல்வதை முழுமையாகச் சொல்லட்டும் என்றே கேட்கிறோம். வேலையாளை வேலையாளாகவும் கூலியைக் கூலியாகவும் முதலிலே காட்டட்டும். அதன் பின்னர் அவர் பேசும் பரலோக ராச்சியம், அரைப் பேரோடு வீடு திரும்புபவளுக்கும் விளங்கும்.