உலர்தீற்றலும் மோனேயின் தேவாலயங்களும்

பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனே, கணநேர ஒளியை அக்கணத்திலேயே பிடித்துத் திரைச்சீலையில் இட்டவர் என்று கூறுவது வழக்கமாகிவிட்டது. ஞாயிறு மேகத்துள் மறையுமுன் அவர் விரைந்து தீட்டினார், கண் கண்டதைக் கை அப்படியே எழுதிற்று, சிந்தனைக்கு அங்கே இடமில்லை என்பர். மனப்பதிவு ஓவியம் என்னும் பெயரும் இக்கருத்துக்குத் துணை நிற்கின்றது. ஆயின் அவருடைய பெரும்படைப்பாகிய ரூவான் தேவாலய வரிசையை அருகில் நின்று நோக்குவார்க்கு இக்கூற்று நிலைப்பதாகத் தோன்றாது. படத்தின்மேல் இருக்கும் வண்ணமே அதனை மறுத்துரைக்கின்றது.

அவ்வண்ணம் எங்ஙனம் இடப்பட்டது என்பதை உணர, ஆங்கிலத்தில் ஸ்கம்பிளிங் என வழங்கும் ஒரு முறையை அறிதல் வேண்டும். அடியிலுள்ள வண்ணம் காய்ந்தபின், எண்ணெய்ப்பசை குறைந்த வெளிறிய வண்ணத்தைத் தூரிகையில் சிறிதளவே எடுத்து, அழுத்தாமல் மேலே இழுத்துச் செல்வர். தூரிகை மேடுகளை மட்டுமே தொடும். பள்ளங்களில் பழைய வண்ணம் அப்படியே நிற்கும். ஆசிரியர்களுக்கு இதனை விளக்க ஓவியக்கூடம் வேண்டுவதில்லை. கரும்பலகையில் சுண்ணக்கட்டியைப் படுக்கவைத்து ஓர் இழுப்பு இழுத்தால் போதும். பலகையின் சொரசொரப்பை வெண்மை பற்றிக்கொள்ள, இடையிடையே கருமை தெரியும்.

இம்முறைக்குத் தமிழில் ஊன்றிய சொல் இன்னும் அமையவில்லை. பூச்சு என்றால் அடியில் உள்ளதை முற்றும் மறைப்பதாகப் பொருள்படும். தீற்றுதல் என்பது சாந்தும் சுண்ணமும் தடவுவதற்குரிய நல்ல சொல். கையின் அசைவும் அதில் கேட்கிறது. உலர்தீற்றல் என்றால் பொருந்தும். இதற்கு எதிரானது, எண்ணெய் மிகுந்த ஒளிபுகும் வண்ணத்தைக் கண்ணாடி போல் மேலே படரவிடும் முறை. அது கீழ்வண்ணத்தை ஆழமாக்கும். உலர்தீற்றலோ அதனை மங்கச்செய்து குளிர்ச்சி ஏற்றும். இருண்ட நிறத்தின்மேல் மெல்லிய வெண்மையைத் தீற்றினால், கரிய பின்புலத்தின்முன் எழும் புகை நீலமாகத் தெரிவது போல, அங்கே ஒரு நீலச்சாயல் பிறக்கும். குழம்பில் இல்லாத நிறம் கண்ணில் உண்டாகிறது.

மோனே இதனைப் புதிதாகக் கண்டவர் அல்லர். வெனிசு நகரத்துத் திசியான் 16ஆம் நூற்றாண்டிலேயே தம் முதுமைக் காலப் படங்களில் இதனை உச்சத்துக்குக் கொண்டுசென்றார். 1566இல் அவரைச் சென்று கண்ட வசாரி, அப்படங்கள் அருகில் வெறுந் திட்டுகளாகவும் எட்டி நின்றால் நிறைவுடையனவாகவும் தோன்றுவதைக் குறித்துவைத்தார். உழைப்பின்றி எழுதப்பட்டவைபோல் தோன்றுவது மயக்கமே என்றும், பலமுறை திரும்பத் திரும்பத் தீட்டப்பட்டவை அவை என்றும் அவரே எச்சரித்தார். திசியான் தம் படங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்து, மாதக்கணக்கில் பாராதிருந்து, பின்னர்ப் பகைவனை நோக்குவதுபோல் நோக்கித் திருத்துவார் என்று 17ஆம் நூற்றாண்டில் போசினி எழுதிய செய்தியும் உண்டு. உலர்தீற்றல் காத்திருக்கத் தெரிந்தவர்க்கே கைவரும் முறை.

மோனே காத்திருந்தாரா? 1892இலும் 1893இலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையில் அவர் ரூவான் நகரில் தங்கினார். தேவாலயத்தின் மேற்கு முகப்புக்கு எதிரிலுள்ள கட்டடங்களின் மாடியறைகளில் அமர்ந்து, ஒளி மாறுந்தோறும் ஒரு சீலையை வைத்துவிட்டு மற்றொன்றை எடுத்தார். நீலமாகவும் செம்மையாகவும் மஞ்சளாகவும் தோன்றித் தேவாலயம் தம்மேல் இடிந்து விழுவதாகத் தீக்கனாக் கண்டதை அவரே கடிதத்தில் எழுதியுள்ளார். வழக்கமாகச் சொல்லப்படும் கதை இவ்வளவில் முடிந்துவிடும். மிஞ்சிய பகுதியோ முதன்மையானது. சீலைகளை அவர் சிவெர்னியிலுள்ள தம் இல்லத்துக்குக் கொண்டுவந்து, தேவாலயம் கண்ணெதிரே இல்லாதபோது, ஓவியக்கூடத்திலேயே மீண்டும் மீண்டும் தீட்டினார். பெரும்பாலானவற்றில் 1894 என்றே ஆண்டு இட்டார். 1880இல் தம்மைக் காணவந்த செய்தியாளரிடம் செய்ன் ஆற்றைக் காட்டி, அதுவே தம் ஓவியக்கூடம் என்று பெருமிதத்துடன் உரைத்தவரும் இவரே!

அருகில் சென்றால் அடியடுக்கு சுவர்ச்சாந்து போலத் தடித்து இறுகியிருப்பது தெரியும். அதன் மேடுகளில் மட்டும் வெளிறிய வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஈரத்தின்மேல் தூரிகையை இழுத்திருந்தால் இரு வண்ணங்களும் கலந்து சேறாகியிருக்கும். எண்ணெய் வண்ணம் காற்றின் உயிர்வளியை ஏற்று இறுகுவது. மெல்லிய பூச்சுக்கே சில நாள் ஆகும், தடித்த அடுக்குக்கு இன்னும் பல நாள். ஆகவே காலை 9 மணி ஒளி என்று காட்டப்படும் ஒரு படம் பல வாரங்களையும் மாதங்களையும் தன்னுள் அடக்கியது. மோனேயின் விரைவு திட்டமிட்டு உண்டாக்கிய தோற்றம் என்பதை 1979இல் கலைவரலாற்றாளர் இராபர்ட் எர்பர்ட் விரிவாக எடுத்துக்காட்டினார்.

அவ்வாறாயின் மோனே செய்தது பொய்யா? இல்லை. கண்ணில் ஒரு நொடியில் விழும் ஒளியைக் கை ஒரு நொடியில் எழுத இயலாது. மெல்ல ஆக்கித்தான் காட்ட முடியும். அதற்கு அவர் தேர்ந்த வழி பொருளோடு ஒட்டியது. செதுக்கிய கல்முகப்பின்மேல் சாய்வாக விழும் ஒளி என்ன செய்கின்றது? புடைப்புகளைத் தொட்டுப் பள்ளங்களை விட்டுச் செல்கிறது. உலர்ந்த தூரிகையும் அதையே செய்கின்றது. ஒளி கல்லின்மேல் நடந்த நடையை வண்ணம் வண்ணத்தின்மேல் நடக்கின்றது. தூண்களையும் சிற்பங்களையும் கோடு கோடாக வரைந்திருந்தால் இந்த ஒற்றுமை கிடைத்திராது. கல் கரைந்து போயிற்று என்று குறைகூறுவோர் இதனை எண்ணவில்லை. மோனேயின் நோக்கம் தேவாலயம் அன்று, அதன் சுவரில் வளரும் வண்ணமே என்று 1919இல் எழுதிய உருசிய ஓவியர் மலேவிச்சும் பாதி உண்மையையே கண்டார். முகப்பின் கரடுமுரடு இல்லையேல் அந்த வண்ணம் பற்றிக்கொள்ள இடமேது?

எல்லாப் படங்களும் ஒரே தரத்தன எனல் தகாது. பாரிசு ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள காலை வெயில் படத்தில், நீலமும் ஊதாவும் கலந்த அடுக்கின்மேல் இளவெளிச்சம் முகப்பின் உச்சியை மட்டும் தொடுகின்றது; அடிவண்ணம் மூச்சுவிடுகின்றது. அங்கேயே உள்ள நண்பகல் வெயில் படத்திலோ மேல்வண்ணம் அளவுமிஞ்சி ஏறியுள்ளது. பள்ளங்கள் தூர்ந்துவிட்டன, சுண்ணம் அப்பிய மதில் போன்ற கனமும் வறட்சியும் வந்துவிட்டன. வாயிலின் ஆழத்து நிழல் மட்டுமே அதனைக் காக்கின்றது. எப்போது நிறுத்துவது என்பதே உலர்தீற்றலில் அரிய பகுதி. அதில் மோனேயும் சிலமுறை தவறியிருக்கிறார்.

இவ்வளவையும் காட்டாமல் மறைப்பது அச்சுப்படம். ஒரு மீட்டர் அளவு உயரமுள்ள சீலை உள்ளங்கையளவாகச் சுருங்கும்போது மேடும் பள்ளமும் மறைந்து வழவழப்பான தாளில் நிறம் மட்டும் எஞ்சும். விரைந்து எழுதிய படம் என்னும் எண்ணம் அங்கேதான் வேர்விடுகின்றது. பாடநூல் எழுதுவோர் படத்தின் ஒரு மூலையையேனும் பெரிதாக்கி, பக்கத்திலிருந்து ஒளி விழச் செய்து அச்சிடுவது நல்லது.

மூலப்படங்களை ஒருசேரக் காண்பதும் எளிதன்று. 1895 மே மாதம் துராந்து-ருவேல் காட்சிக்கூடத்தில் 20 படங்கள் ஒன்றாக வைக்கப்பட்டபோது, அவை பிரியாதிருக்க அரசே வாங்கவேண்டும் என்று கிளெமென்சோ தம் இதழில் எழுதினார். அவ்வேண்டுகோள் நிறைவேறவில்லை. 1907இல் பிரெஞ்சு அரசு ஒன்றை வாங்கிற்று. மற்றவற்றுள் சில மாஸ்கோவுக்கும் சில வாஷிங்டனுக்கும் வேறு ஊர்களுக்கும் சென்றுவிட்டன.