காக்கா ஆழி: 'ஆக்கிரமிப்பு' என்னும் சொல் மறைப்பது

எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் பெருகியுள்ள மைட்டெல்லா ஸ்டிரிகேட்டா என்னும் தென்னமெரிக்கச் சிப்பியை மீனவர் 'காக்கா ஆழி' என்கின்றனர். (ஆழி என்றதும் கடலையும் சக்கரத்தையும் நினைக்கும் இலக்கிய மாணவர் சற்றே நிதானிக்க வேண்டும்.) ஆய்வாளரும் இதழாளரும் இதனை 'ஆக்கிரமிப்பு இனம்' என எழுதுகின்றனர். இப்பெயர் துல்லியமானதாகத் தோன்றினும் அதில் ஒரு பிழை உள்ளது. இது சிப்பியை எழுவாயாக்கிச் செயலை அதன்மேல் ஏற்றுகிறது. சிப்பி தானே வரவில்லை, கொண்டுவரப்பட்டது. கப்பல்வழி வந்திருத்தல் வேண்டும் என்பதே பொதுக்கருத்து. ஆனால் அக்கப்பலுக்கு இச்சொல்லில் இடமில்லை.

இழப்போ கண்கூடானது. நுண்ணிழைகளால் ஒன்றோடொன்று பிணைந்து இச்சிப்பி அடிமண்ணைப் பாய்போல் மூடிவிடுகிறது. மண்ணுள் புதையும் இறாலுக்கு இடமில்லாமற் போகிறது. கையால் தடவி இறால் பிடிப்போர்க்குப் பிழைப்பு போகிறது. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை இச்சிக்கல் சென்றதில் மீனவர்க்குப் பெரும்பங்கு உண்டு. ஆய்வுரைகளிலோ அவர்கள் வெறும் தகவலாளிகளாகவே நிற்கின்றனர்.

விவாதம் பெரும்பாலும் பேலாஸ்ட் நீரோடு முடிந்துவிடுவது மற்றொரு குறை. அந்நீருக்கு 2004இல் உருவாகி 2017 செப்டம்பர் 8 முதல் நடைமுறையில் உள்ள பன்னாட்டு உடன்படிக்கை உண்டு. கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டி வளர்வனவற்றுக்கோ, பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2011இல் வெளியிட்டு 2023இல் திருத்திய வழிகாட்டுதல்களே உள்ளன. அவை எவரையும் கட்டுப்படுத்துவன அல்ல. ஒட்டிவாழும் ஓர் உயிரைப் பற்றிய பேச்சில் இவ்வேறுபாடு விடுபடுவது வியப்பே.

இச்சிப்பி 1986இல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் கண்டறியப்பட்டது ஒரு மின்நிலையத்தின் கடல்நீர்க் குழாய்களில். பின்வந்த கடுங்குளிரில் அது மடிந்ததாகக் கருதப்படுகிறது. எனினும் 2004இல் அம்மாநிலத்தில் மீண்டும் தோன்றியது. எண்ணூரில் அத்தகைய குளிரும் இல்லை. அனல்மின் நிலையங்கள் உண்டு.

'கரையோர உயிரிப்பாதுகாப்பு' என்பதிலுள்ள 'கரையோர' என்னும் அடையும் ஐயத்துக்குரியது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மத்தூரிலிருந்து எண்ணூர் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஆயினும் ஒசூர், கிருஷ்ணகிரித் தொழிற்பகுதிகளின் பொருள்களும் கடல்வழியே வெளிநாடு செல்கின்றன. அச்சரக்குக் கட்டணத்தில் கப்பலின் அடிப்புறத்தைச் சுரண்டித் தூய்மையாக்கும் செலவு முழுமையாகச் சேராதவரை, மீதியைப் பழவேற்காட்டு இறால் பிடிப்பவர் செலுத்துகிறார்.