புகைக்கு ஒரு நேர்வழி

பிரிட்டனின் பழைய செங்கல் வீடுகளில் விறகு அடுப்பு பொருத்துகிறவர்களின் வேலையில் நான் மிகவும் மதிப்பது, அடுப்பின் குழாயைப் புகைபோக்கிக்குள் இறங்கும் எஃகுக் குழாயோடு சேர்க்கும் அந்த மூட்டைத்தான்.

திறந்த கணப்புக்காகக் கட்டிய பழைய புகைபோக்கிக்கு அகலம் அதிகம். அதில் புகை சீக்கிரம் குளிர்ந்து சுவரில் தாராகப் படியும். அந்தத் தாரில் தீப்பிடித்தால் வீட்டுக்கே ஆபத்து. அதனால் வளைந்துகொடுக்கும் துருப்பிடிக்காத எஃகுக் குழாயை, பெரும்பாலும் 125 அல்லது 150 மில்லிமீட்டர் விட்டத்தில், கூரையிலிருந்து உள்ளே இறக்குகிறார்கள். குழாயின் மேலுள்ள அம்புக்குறி, புகை போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

நுட்பம் மூட்டில் இருக்கிறது. அடுப்பிலிருந்து ஏறும் குழாய்களில் மேல்துண்டின் முனை கீழ்த்துண்டின் வாய்க்குள் அமர வேண்டும். புகை மேலே போகிறதே, மாற்றிச் செருகினால் என்ன என்று தோன்றும். ஆனால் ஈரமும் தாரும் கீழ்நோக்கி வழிபவை. சரியாகச் செருகிய குழாயில் அவை வெளியே கசியாமல் உள்ளுக்குள்ளேயே இறங்கி நெருப்புக்குத் திரும்பிவிடும். பிறகு இடைவெளியில் வெப்பம் தாங்கும் கயிற்றைத் திணித்து, தீச்சாந்தை விரலால் வழித்துப் பூசுகிறார்கள். கடைசியில் புகை எழுப்பும் குளிகையைக் கொளுத்திக் கசிவு உண்டா என்று சோதனை.

மூட்டு கசிந்தால் அறைக்குள் வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடுப்புள்ள அறையில் எச்சரிக்கைக் கருவி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது புகைபோக்கியைச் சுத்தம் செய்யுங்கள்.