எறிந்த ரொட்டியைத் தின்ற வாத்தியார்

1958 மார்ச். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் மெக்கீ தொழிற்பள்ளி. புது ஆங்கில வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் ஒரு பையன் இன்னொருவன்மேல் சாண்ட்விச்சை வீசுகிறான். அது தரையில் வந்து விழுகிறது. வாத்தியார் யாரையும் திட்டவில்லை. குனிந்து எடுத்துத் தின்ன ஆரம்பித்துவிட்டார். வீட்டில் சுட்ட தடித்த இத்தாலிய ரொட்டி. உள்ளே இறைச்சி, வெங்காயம், தக்காளி, மிளகாய். தின்று முடித்து, அது இருந்த பையைக் கசக்கிக் குப்பைக்கூடைக்கு எறிந்ததும் வகுப்பு ஆரவாரித்தது. கதவுக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்த தலைமையாசிரியருக்குத்தான் ரசிக்கவில்லை.

அந்த வாத்தியார் ஃபிராங்க் மெக்கோர்ட். புரூக்ளினில் பிறந்து, பெற்றோருடன் அயர்லாந்தின் லிமரிக் நகரத்துக்குப் போய், அங்கே பட்டினியில் வளர்ந்து, 19 வயதில் மறுபடி நியூயார்க்குக்குக் கப்பலேறியவர். உயர்நிலைப் பள்ளி வாசலை மிதிக்காத ஆள். ராணுவத்தில் இருந்ததால் கிடைத்த சலுகையில் கல்லூரி முடித்து, உயர்நிலைப் பள்ளிக்கே வாத்தியாரானார். ரொட்டியை வீணாக்க அந்தக் கைக்கு மனம் வந்திருக்காது.

அவருடைய 'டீச்சர் மேன்' நூலில் எனக்கு ருசிப்பது இந்த லாகவம்தான். பாடத்துக்கு இடைஞ்சலாக எது வந்தாலும் அதையே பாடமாக்கிவிடுவார். லீவு லெட்டர் விவகாரத்தைப் பாருங்கள். அம்மா எழுதியதாகப் பிள்ளைகள் கொடுத்த கடிதங்கள் மேசை டிராயரில் குவிந்து கிடந்தன. ஒருநாள் வகுப்பில் பரீட்சை நடக்கும்போது அவற்றை இரண்டாகப் பிரித்தார்: நிஜமானவை ஒரு பக்கம், பிள்ளைகளே புனைந்தவை மறுபக்கம். புனைந்த குவியல்தான் பெரிது. கட்டுரை எழுதச் சொன்னால் முனகுகிற அதே பிள்ளைகள் பொய்க்கு எத்தனை கற்பனையைச் செலவழித்திருக்கிறார்கள்! அவற்றில் சிலவற்றைத் தட்டச்சு செய்து வகுப்பில் கொடுத்தார். பிறகு, கடவுளிடம் ஆதாமோ ஏவாளோ கொடுக்கும் மன்னிப்புக் கடிதத்தை எழுதச் சொன்னார். மணியடித்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தார்களாம்.

பின்னாளில் ஸ்டைவசன்ட் பள்ளி. நுழைவுத் தேர்வு எழுதி வந்த கெட்டிக்காரப் பிள்ளைகள். யூத, இத்தாலிய, சீன, கொரிய வீடுகளின் வாரிசுகள். அங்கே அவரவர் வீட்டுப் பலகாரத்தோடு பக்கத்துப் பூங்காவில் கூடினார்கள். அடுத்து, சமையல் குறிப்புகளைக் கவிதைபோல உரக்க வாசித்தார்கள், இசைக்கருவிகள் துணையோடு. அவருடைய வகுப்புகளில் உச்சம் இதுதான் என்பேன். எந்த வீட்டு அடுக்களைக்கும் அங்கே முதலிடம் இல்லை, கடைசி இடமும் இல்லை.

குறை இல்லாமலா? இலக்கணப் பாடத்தில் அவர் தடுமாறினார். பால்பாயிண்ட் பேனாவைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டு வாக்கிய அமைப்பை விளக்கியது அபூர்வமான ஒரு வெற்றி. மற்ற நாட்களில் பிள்ளைகள் தந்திரமாக, “சார், அயர்லாந்தில் நீங்கள்...” என்று ஆரம்பிப்பார்கள். இவரும் பாடத்தை விட்டுவிட்டுக் கதைக்குள் போய்விடுவார். பெற்றோர்கள் முகம் சுளித்தார்கள்.

வேலைக்கு வந்தபோது அவர் எழுதிய புத்தகம் என்று ஒன்றும் இல்லை. ஏறக்குறைய முப்பது வருஷம் கற்பித்து ஓய்வுபெற்ற பின், 1996இல், 66 வயதில் வந்தது முதல் நூலான 'ஏஞ்சலாஸ் ஆஷஸ்'. மறுவருஷமே அதற்குப் புலிட்சர் பரிசு. அதில் வரும் லிமரிக் கதைகளில் பலவற்றை, பாடத்திலிருந்து தப்பிக்கப் பார்த்த பிள்ளைகள் அவர் வாயிலிருந்து எப்போதோ பிடுங்கிவிட்டிருந்தார்கள்.