ஜாக்கி சானின் நாற்காலியும் சாளுவன்குப்பத்துச் செங்கல்லும்

சுட்டி டிவியில் தமிழ் பேசிய ஜாக்கி சான் கார்ட்டூனை என் மகள் சின்ன வயசில் ஒரு நாள்கூட விடமாட்டாள். ஆபீஸ் முடிந்து வந்ததும் நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். சமீபத்தில் அதை முதலிலிருந்து மறுபடி பார்த்தேன். அன்று பிடித்தது இன்றும் பிடிக்கிறது. ஒரே ஒரு விஷயம் உறுத்துகிறது.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 2000 முதல் 2005 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான தொடர், மொத்தம் 95 அத்தியாயங்கள். நிஜ ஜாக்கி சானின் பெயர், முகம், சண்டை எல்லாம் உண்டு. ஆனால் இதில் அவர் நடிகர் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில், அங்கிளின் பழம்பொருள் கடையில் தங்கியிருக்கும் தொல்லியலாளர். ஆங்கில மூலத்திலேயே குரல் வேறொருவருடையது. நிஜ ஜாக்கி, அத்தியாயம் முடிந்ததும் வந்து குழந்தைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்வார்.

நிஜ நடிகரிடமிருந்து தொடர் சரியாக எடுத்துக்கொண்டது சண்டையைத்தான். இந்த ஜாக்கி சண்டையைத் தேடிப் போகமாட்டார். அடித்தால் அவருக்கே கை வலிக்கும். ஏணி, நாற்காலி, துடைப்பம் என்று கைக்குக் கிடைத்ததை வைத்துத் தப்பிப்பார். யாரும் மதிக்காத பொருளிடம் ஒரு உபயோகம் இருக்கிறது என்று பார்க்கிற கண் அது.

ஆனால் கதை என்று வந்தால் அந்தக் கண் மூடிக்கொள்கிறது. முதல் பருவம் முழுக்க, சீன ராசி விலங்குகள் பொறித்த 12 மந்திரக் கற்களுக்கான ஓட்டம். சேவல் கல் இருந்தால் பறக்கலாம், பாம்புக் கல் இருந்தால் மறையலாம். முதல் கல் ஒரு பழைய கேடயத்தில் பதிந்திருக்கும். கல்லுக்காக அவ்வளவு அடிதடி. கேடயம் யாருடையது, எப்படி அங்கே வந்தது என்று கதைக்கு அக்கறை இல்லை. கிடைத்த கற்கள் ரகசிய அமைப்பின் பெட்டகத்துக்குப் போய்விடும். கண்டுபிடித்த இடத்துக்கு ஒரு குறிப்புகூட மிஞ்சாது.

“குழந்தைங்க கார்ட்டூன்ல போய் இதையெல்லாம் பார்ப்பாங்களா?” என்பீர்கள். நியாயம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் மாமல்லபுரத்துக்கு வடக்கே, புலிக்குகைக்கு அருகில் இருக்கிறது சாளுவன்குப்பம். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே ஒரு பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டது. அதில் ஒரு முருகன் கோயில் பற்றிய செய்தி. அருகிலிருந்த மேட்டை இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்கு அடியில், அதைவிடப் பழைய செங்கல் கோயில் கிடைத்தது. முன்னால் ஒரு கல் வேல்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கல்வெட்டை யாராவது எப்போதோ பெயர்த்து எங்கேயோ கொண்டுபோய் வைத்திருந்தால், எந்த மேட்டைத் தோண்டுவது? கல்லின் பவர் அது இருந்த இடத்தில்தான் இருந்தது.

மகளுக்கு ஆறு வயது இருக்கும்போது செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஏரிக்கரையில் ஓர் ஓட்டுத்துண்டு கண்டெடுத்தேன். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. சானூர், குன்னத்தூர் பெருங்கற்கால ஈமக்காடுகளில் கிடைத்த கருப்பு-சிவப்பு மட்கலம் மாதிரியே இருந்தது. “இதுக்கு என்ன பவர்ப்பா?” என்றாள். சிரித்துக்கொண்டே பாக்கெட்டில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இன்றும் ஷோகேஸில் இருக்கிறது. எந்த ஏரி, எந்தக் கரை என்று ஞாபகம் இல்லை. அன்று போட்டோகூட எடுக்கவில்லை. ஆராய்ச்சிக் குறிப்பு எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்கிற நான்தான் இதைச் செய்தேன், அவள் இல்லை. அந்தத் துண்டுக்கு இருந்த ஒரே பவரை நானே பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

தொடரைப் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் காட்டுங்கள். அந்த நாற்காலிச் சண்டைக்காகவே காட்டலாம். கூடவே, கீழே கிடப்பதைப் பார்த்தால் இடத்தோடு ஒரு போட்டோ எடுத்துவிட்டு, அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.