தோல் என்ற ஒரு சொல்

மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்வது நம் எழுத்தாளர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இங்கே குற்றவாளி மொழிபெயர்த்தவர் அல்ல.

சில வருஷங்களுக்கு முன் என் கதை ஒன்றை நண்பர் ஒருவர் ஆங்கிலமாக்கினார். ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் ஷாப்பில், எருமைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டுப் புரட்டும் ஒரு கூலியாளின் கதை. முடிவில் அவன் தன் கையை விரித்துப் பார்த்து, "சுண்ணாம்பு தோலைத் தின்னுடுச்சு" என்கிறான். எந்தத் தோலை என்று அவன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நண்பர் கடிதம் எழுதிக் கேட்டார்: கதையில் தோல் என்று வருகிற இடங்களில் ஹைட் என்று போடுவதா, ஸ்கின் என்று போடுவதா, லெதர் என்று போடுவதா? அகராதியைப் புரட்டினேன். மூன்றுக்கும் தோல் என்றே இருந்தது. "எதைப் போட்டாலும் சரி, ஒரே சொல் திரும்பத் திரும்ப வராமல் மாற்றிப் போடுங்கள், அழகாயிருக்கும்" என்று பதில் எழுதினேன். கல்லூரிப் படிப்பை இரண்டு வருஷத்தோடு நிறுத்தியவனின் ஆங்கிலம் அது. ஒரு பொருள் தரும் பல சொற்களைப் பரீட்சைக்காகப் பட்டியல் போட்டு நெட்டுருச் செய்தவனுக்கு, அவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்த காசுகளாகத்தான் தெரியும்.

புத்தகம் வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு வாலாஜாபேட்டைக்குப் போனேன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில்தான் ஓடியது. தோல் வியாபாரத்தின் ஆங்கிலமும் அந்தத் தண்டவாளத்தின் மேல்தான் வந்து போயிருக்க வேண்டும். கதைக்கு எனக்கு விவரம் தந்த பெரியவர் அந்த ஊர்க்காரர். ராணிப்பேட்டையில் நாற்பது வருஷம் கணக்கு எழுதியவர். அவர் கற்ற ஆங்கிலமெல்லாம் பில்லிலும் கப்பல் கடிதத்திலும் கற்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் படித்தார். சிரித்துவிட்டார்.

"எருமைக்கு ஸ்கின்னுன்னு போட்டிருக்கீங்களே, தம்பி! ஆடு, செம்மறின்னா ஸ்கின். மாடு, எருமைன்னா ஹைட். பில்லுல இப்படி மாத்திப் போட்டா வாங்கறவன் ஒத்துக்குவானா?"

"தமிழ்ல எல்லாமே தோல்தானே, பாய்?"

"யாரு சொன்னது? பச்சைத் தோல் வேற, உப்புப் போட்ட தோல் வேற, பதனிட்ட தோல் வேற. மண்டிக்குப் போய் வெறும் தோலுன்னு கேட்டுப் பாருங்க. என்ன தோலுன்னு திருப்பிக் கேப்பான்."

எனக்குச் சுருக்கென்றது. ஆங்கிலம் தெரியாததற்காக அல்ல, தமிழ் தெரியாததற்காக.

புத்தகத்தை மறுபடி படித்தேன். கூலியாள் உப்பு நீர் சொட்டச் சொட்ட ஒரு பச்சைத் தோலைத் தோளில் சுமந்து வருகிற இடத்தில் லெதர் என்று இருந்தது. லெதர் என்றால் வேலையெல்லாம் முடிந்த சரக்கு. ஆவாரம்பட்டையோ குரோமோ ஊறி, உலர்ந்து, செருப்பாகவோ பையாகவோ ஆகக் காத்திருப்பது. அதில் நாற்றமும் இல்லை, புழுவும் இல்லை. அந்த வரியைப் படிக்கிற வெளிநாட்டு வாசகன், செருப்புக் கடைச் சிப்பந்தி ஒருவன் துணிக்கட்டுப் போல எதையோ எடுத்துப் போவதாகத்தான் நினைப்பான். ஒரு சொல்லால் அந்த மனிதன் முதுகிலிருந்த பாரத்தை இறக்கி வைத்துவிட்டேன்.

இன்னொரு பக்கத்தில் க்யூர்டு என்று வர வேண்டிய இடத்தில் டேன்டு என்று இருந்தது. இரண்டுக்கும் நாம் 'பதப்படுத்திய' என்று எழுதித் தப்பித்துக் கொள்கிறோம். ஆனால் முன்னது வெறுமே உப்புப் போட்டோ உலர்த்தியோ வைத்தது. உப்பைக் கழுவி நனைய விட்டால் மறுபடி அழுகத் தொடங்கும். பின்னது தோலின் இயல்பே மாறிப் போனது. நனைந்தாலும் பச்சைத் தோலாகாது. கதைக்கு இது சில்லறை விஷயம் என்று நினைக்காதீர்கள். என் கதாநாயகன் மழைக்குப் பயந்து சரக்கின் மேல் கித்தான் இழுத்துப் போடுகிறான். அது டேன்டு சரக்கானால் அவன் அத்தனை பதற வேண்டியதில்லையே!

ஆங்கிலத்தில் ஹைட் பழைய குடி. ஸ்கின் வடகடல் நார்ஸ் மக்களின் பாஷையிலிருந்து வந்து குடியேறியது. பங்காளிகள் பாகம் பிரித்துக்கொண்டதுபோல் ஒன்று பெரிய பிராணிகளையும், மற்றது சிறிய பிராணிகளையும் மனிதனையும் எடுத்துக்கொண்டன. லண்டன் வியாபாரிகள், நம் ஊர்ச் சிறு மாட்டின் தோல் அளவில் குறைந்தது என்பதால் அதற்குக் கிப் என்று வேறு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பணம் புழங்குகிற இடத்தில் சொல் குழப்பத்துக்கு இடமில்லை.

நம்மிடமும் இந்த நுட்பம் இல்லாமல் இல்லை. ஈ, தா, கொடு மூன்றும் ஒரே பொருள்தானே என்று கேட்பவனுக்கு, தாழ்ந்தவன் கேட்பது, ஒத்தவன் கேட்பது, உயர்ந்தவன் கேட்பது என்று தொல்காப்பியர் பிரித்துக் காட்டியிருக்கிறார். அதை மனப்பாடம் செய்த நாம்தான் பச்சைத் தோலையும் லெதரையும் ஒன்றாகக் கட்டுகிறோம்.

கடைசி வரிதான் பாக்கி. இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் போட உட்கார்ந்தபோது நண்பர் ஒரு யோசனை சொன்னார். எருமையை ஆடாக்கிவிட்டால் ஸ்கின் என்ற ஒரே சொல் மிருகத்துக்கும் மனிதனுக்கும் பொருந்தும். தமிழில் உள்ள இரட்டை அர்த்தம் ஆங்கிலத்திலும் நிற்கும். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் நனைந்த எருமைத் தோலைப் புரட்டுகிறவனின் இடுப்பு வலி ஆட்டுத் தோலில் வராது. எருமையை விட எனக்கு மனமில்லை.

மற்ற இடங்களிலெல்லாம் ஹைட் என்று திருத்தினோம். அந்த ஒரு வரியில் மட்டும் ஸ்கின். இரட்டை அர்த்தம் போயிற்று. போகட்டும், அவன் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது தன் கையை.